மூக்கைப் பொத்தாதீர்கள்!

'குழாயைத் திறந்தா நீச்சல் குளத்து வாடை சார், மனுஷன் குடிப்பானா?' என்று கேன் தண்ணீருக்கு போன் போடுகிறவரா நீங்கள்? உங்களோடுதான் இன்று சண்டை.

அந்த வாடை குளோரின். உங்கள் தண்ணீருக்கு வாட்ச்மேன். நம் ஊரில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. நின்றதும் உள்ளே அழுத்தம் போய்விடும். பக்கத்திலேயே சாக்கடை. ஒரு விரிசல் போதும், அழுக்கை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து பளிங்கு மாதிரி கிளம்பிய தண்ணீர், உங்கள் சம்ப்புக்குக் காலராவோடு வந்து சேரலாம். வழியில் தடுக்க, மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு குளோரினை விட்டால் நாதியில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் தண்ணீரில், ஜான் லீல் என்ற டாக்டர் யாரிடமும் அனுமதி கேட்காமல் இந்த மருந்தைக் கலந்தார். விவகாரம் கோர்ட் வரை போனது. அவர் செய்தது சரி என்றுதான் முடிந்தது.

'குளோரின்ல கேன்சர் வருமாமே?' கேட்பீர்கள், தெரியும். அழுகிய இலைதழை கலந்த தண்ணீரில் குளோரின் போட்டால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற ரசாயனங்கள் உண்டாகும். பொய்யில்லை. அதற்கு வழி, முதலில் ஒழுங்காக வடிகட்டிவிட்டு அப்புறம் குளோரின் போடுவது. குளோரினையே நிறுத்துவது, வாட்ச்மேன் பீடி குடிக்கிறார் என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற கதை. கிருமியால் வரும் ஆபத்துக்கு முன்னால் இது மிகமிகச் சிறியது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வாடைதான் பிரச்னை என்றால், பானையில் ஊற்றி மெல்லிய துணி கட்டி ராத்திரி வையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

என் கோபம் வேறு இடத்தில். புது பிளீச்சிங் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து வெயிலிலும் ஈரத்திலும் போட்டுவைத்தால் வீரியம் பறந்து, சுண்ணாம்புதான் மிஞ்சும். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் வாய் பிளந்து கிடக்கும் மூட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் மந்திரி வருகிறார் என்றால் மட்டும் புது மூட்டை பிரித்து ரோட்டோரம் கோலம் போடுகிறார்கள்! தொட்டிக்குப் போக வேண்டியது தார் ரோட்டுக்கு.

குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தையில்லை. டெஸ்ட் கிட்டில் உள்ள சின்ன மாத்திரையைத் தண்ணீரில் போட்டால், குளோரின் இருந்தால் ரோஜா நிறமாகும். கவுன்சிலரைக் கூப்பிட்டு, தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்து உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிறம் மாறவில்லையா? அன்றைக்கு எழுதுங்கள் புகாரை.