பதிவேட்டைத் தேடாமல் உறுதி எழுதக் கூடாது

இலங்கையில் காணி விற்பனை உறுதி ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் நொத்தாரிசின் அத்தாட்சிக் குறிப்பு இருக்கும். யார் யார் கையொப்பமிட்டார்கள், சாட்சிகள் இருவர் யார், பணம் எப்படிக் கைமாறியது, முத்திரைத் தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். பல உறுதிகளில் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கும்: தரப்பினர் கேட்டுக்கொண்டபடி பதிவேடுகள் தேடப்படவில்லை, உரித்து ஆராயப்படவில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கியவர் அந்த வரியைப் படித்திருப்பாரா என்பதே சந்தேகம். படித்திருந்தாலும் அதன் பொருளை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வரிக்கு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் கொடுத்திருக்கும் இடத்தை நாடாளுமன்றம் எடுத்துவிட வேண்டும்.

உறுதி எழுதுவதற்கு முன் காணிப் பதிவகத்தின் பதிவேடுகளைத் தேடி உரித்தின் நிலையை அறிவது நொத்தாரிசின் கடமை என்றுதான் அந்தச் சட்டம் தொடங்குகிறது. தேடுதல் வேண்டாம் என்று தரப்பினர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும், அவர் அந்தக் கடமையிலிருந்து விடுபடலாம். வாங்குபவருக்கு அவசரம், விற்பவருக்கு அதைவிட அவசரம். கொஞ்சம் காசும் ஓரிரு நாளும் மிச்சமாகும் என்று சொன்னால் எங்கே கையொப்பமிடச் சொன்னாலும் இடுகிறார்கள். விலக்காக வைக்கப்பட்டது வழக்கமாகிவிட்டது.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படுவது உறுதிதான், உரித்து அல்ல. பதிவாளர் முத்திரை குத்திவிட்டதால் அந்தக் காணி விற்றவருக்குச் சொந்தமாக இருந்தது என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு எழுதிக் கொடுத்தால், காசு கொடுத்து வாங்கி நேர்மையாக முதலில் பதிந்தவரின் பக்கமே சட்டம் சாயும். அரசின் உத்தரவாதத்தோடு உரித்தையே பதிவு செய்ய 1998இல் ஒரு சட்டம் வந்தது. ‘பிம் சவிய’ என்று பெயர் பெற்ற திட்டம் அதன் கீழ் வந்ததுதான். அது இன்னும் நாடு முழுவதையும் எட்டவில்லை. எட்டும்வரை வாங்குபவருக்கு இருக்கும் ஒரே காவல், முப்பது ஆண்டுக்குக் குறையாமல் பின்னோக்கிச் செய்யும் தேடுதல்தான்.

புத்தளம் கரையோரத்துக்கு இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பிரதேசங்களுக்குத்தான். ஓலைக் கொட்டில்களில் ஆண்டுகளைக் கழித்தவர்கள் கையில் காசு சேர்ந்தபோது தென்னங்காணிகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர்ச்சாக வெட்டியெடுத்த துண்டுகளை வாங்கினார்கள். 2007இல் உலக வங்கி 3.2 கோடி டொலர் கடனில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தபோது, வீட்டுக்கான பணம் கிடைக்கக் காணிக்குரிய ஆவணம் கேட்கப்பட்டது. காணி கையில் இருந்தும் காகிதம் சரியில்லாதவர்கள் அப்போதுதான் விழித்தார்கள்.

காகிதம் எப்படிச் சரியில்லாமல் போகிறது? முதல் வழி, வாரிசு. முஸ்லிம் ஒருவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி மார்க்க முறையில் சொத்துப் பிரியும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. உடப்பிலும் சிலாபத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு 1876ஆம் ஆண்டின் சட்டம்: பாதி வாழ்க்கைத் துணைக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. தகப்பன் இறந்த பின் மூத்த மகன் மட்டும் கையொப்பமிட்டு விற்றால், வாங்கியவருக்குக் கிடைப்பது அந்த மகனின் பங்கு மாத்திரமே. கட்டிப்போன சகோதரியும் தாயும் பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் வாங்கியவர் எளிதில் தப்ப முடியாது. பிரிக்கப்படாத பங்கு வாங்கி அதில் மதில் எழுப்பியவர் கதையும் இதுவே. பங்காளி ஒருவர் 1977ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் அந்த மதில் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல இயலாது.

இரண்டாவது வழி, அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ இருக்கும் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. அப்படிப்பட்ட காணிகள் சமாதான நீதவான் முன் எழுதிய உடன்படிக்கைத் தாள் ஒன்றோடு கைமாறுகின்றன. அந்தத் தாள் காணியைத் தராது. கொடுத்த பணத்துக்குச் சாட்சியாக இருந்தால் அதுவே பெரிது.

மூன்றாவது, அற்றோணித் தத்துவம். வென்னப்புவையில் வீட்டுக்கொருவர் என்று சொல்லுமளவுக்கு இத்தாலிக்குப் போயிருக்கிறார்கள். புத்தளத்தில் வளைகுடா நாடுகளுக்கு. வெளிநாட்டில் இருப்பவரின் தத்துவத்தை வைத்து இங்கே விற்கும்போது, அது பதியப்பட்டதா, இன்னும் நடைமுறையில் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது அவசியம். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது.

இவற்றில் பலவற்றைப் பதிவேட்டில் ஒரு நாள் உட்கார்ந்து தேடினால் கண்டுபிடிக்கலாம், குறைந்தபட்சம் சந்தேகப்படலாம். தேடுதல் தாளில் முன்னைய உறுதிகள், ஈடுகள், வழக்குப் பதிவுகள் வரிசையாக வரும். எங்காவது ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் கண்ணில் படும். மொழி ஒரு தடையாகச் சொல்லப்படுகிறது. புத்தளம், சிலாபம், மாரவில பதிவகங்களில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கிடக்கும் பதிவுகளைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் எப்படிப் பார்ப்பது? அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இதற்கு விடை வைத்திருக்கிறது. பார்வையிடவோ பிரதி பெறவோ சட்டம் உரிமை கொடுக்கும் பதிவேட்டின் பிரதியை அல்லது அதன் மொழிபெயர்ப்பைத் தமிழில் பெற, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டு வாங்குபவர்கள் அரிது. கேட்டவரைத் திருப்பி அனுப்பும் அலுவலகம் சட்டத்தை மீறுகிறது.

உறுதி சுத்தமாக இருந்தாலும் கரையோரக் காணிக்கு வேறு கணக்கும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பேணல் சட்டம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீற்றர் வரையும் கரையோர வலயம் என்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் கடலோடு தொடர்புள்ள களப்புகளின் ஓரத்தையும் அதில் சேர்த்தது. புத்தளம், முந்தல் களப்புகளின் விளிம்பில் நிற்கும் காணிகளுக்கு இது நேராகப் பொருந்தும். அங்கே வீடு கட்டக் கரையோரப் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபை வரைபடத்தில் கையொப்பமிட்டது மட்டும் போதாது. காணி விற்பவர் இதைச் சொல்வதில்லை, சொல்லும் கடமையும் அவருக்கு இல்லை. அந்தக் கடமையைச் சட்டம் ஏற்படுத்த வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். கற்பிட்டிக் குடாநாட்டில் மணலுக்குள் மழைநீர் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறக்குறைய அந்த 40 அடியும் ஏறும். மோட்டார் வைத்து இரவுபகலாக இறைக்கும் தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவர், மாரியில் குடித்த கிணற்றைக் கோடையில் குடிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். நாக்குக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்குப் போடும் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று இங்குள்ள பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. கொதிக்க வைத்தால் போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். காணி பார்க்கப் போகும்போதே ஒரு போத்தல் கிணற்று நீரை எடுத்துத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிப்பது, விலை பேசுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு உப்பு வேறு விதத்தில் வருகிறது. கடற்கரையோர வீட்டின் பீமுக்கு அடியில் நீளவாக்கில் மெல்லிய வெடிப்பும் அதையொட்டிப் பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கொங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கழுவாத கடல் மணல், உவர்க் கிணற்று நீரில் குழைத்த கலவை, கம்பியை ஒட்டியே முடிந்துபோன கொங்கிரீட் ஆகிய மூன்றும் சேர்ந்த வீடு சில ஆண்டுகளிலேயே இப்படி ஆகிவிடும். மேலே சீமெந்து பூசி வெள்ளையடிப்பது நோயை மறைக்கும் வேலை. தளர்ந்த பகுதியைக் கெட்டிக் கொங்கிரீட் வரும்வரை கொத்தி, கம்பியைத் துருவில்லாமல் சுத்தம் செய்து, மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி வைத்துக் கட்டுவதுதான் பரிகாரம். அதையும் பொறியியலாளர் ஒருவர் பார்த்த பின் செய்ய வேண்டும். புதிதாகக் கட்டுபவர் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடச் சொல்லி மேசனிடம் நின்று பார்க்க வேண்டும். வீடு விற்பனைக்கு வரும்போது புதுப்பூச்சு மணக்கும் பீமைத் தட்டிப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

தேடுதலைக் கட்டாயமாக்கினால் ஏழைக்குச் செலவு கூடும் என்று நொத்தாரிசுகள் சிலர் சொல்லக்கூடும். தேடாமல் எழுதிய உறுதியால் வரும் வழக்குக்கு ஆகும் செலவை அவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பதிவகங்களில் ஏடுகள் கிழிந்து கிடப்பதும் தேடுதல் தாமதமாவதும் உண்மையான குறைகள்தான். அவற்றைத் திருத்தும் பொறுப்பு பதிவாளர் நாயகத்துடையது. சிறு காணிகளுக்கான தேடுதல் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டாலும் கருவூலம் காலியாகிவிடாது. விற்பனைத் தொகையில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் முத்திரைத் தீர்வையாக மக்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாடாளுமன்றம் அந்த விலக்கை நீக்க வேண்டும். கரையோர வலயத்துக்குள் வரும் காணியா, கிணற்று நீர் சோதிக்கப்பட்டதா என்பதை விற்பவர் கையொப்பமிட்டு உறுதியோடு இணைக்கும் விதியையும் கொண்டுவர வேண்டும். 1990இல் வந்தவர்கள் வாங்கிக் குடியேறிய கிராமங்களை ‘பிம் சவிய’ திட்டத்தில் முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். சட்டம் திருந்தும் நாள்வரை, காணி வாங்கும் வாசகர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பதிவேடு தேடவேண்டாம் என்ற வரியின் கீழ் கையொப்பமிட மறுத்துவிடுங்கள்.