காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டோமா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பழமொழியாக மட்டும் அறிந்தவர்கள் அல்லர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் சிற்றூர். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே நுழையும் மாதங்களில் ஓட்டுக் கூரையின்மேல் கல் ஏற்றி வைப்போம். சைக்கிளில் மேற்கே போக வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடந்த ஆடியில் ஊரிலிருந்து என் தம்பி தொலைபேசியில் பேசினான். "அண்ணே, நம்ம பழைய காட்டுல நிக்கிற காத்தாடியைக் கழற்றிட்டுப் பெருசா ஒண்ணு வைக்கப் போறாங்களாம். நம்மகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல" என்றான். கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. 1990களின் நடுவிலேயே என் தந்தையார் அந்த நான்கு ஏக்கர் மானாவாரி நிலத்தை ஒரு நிறுவனத்துக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார். எள்ளும் கொள்ளும் தவிர வேறொன்றும் விளையாத நிலம். என் தங்கையின் திருமணக் கடன் அதில் அடைந்தது. விற்பனை முறையாகவே நடந்தது. யாரையும் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அப்பா மண்ணை விற்பதாகத்தான் எண்ணினார். அதன்மேல் வீசிய காற்றையும் சேர்த்தே விற்றுவிட்டோம் என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

நான் டிப்ளமா படித்துவிட்டு 1984இல் ரயில்வேயில் சேர்ந்து, சிக்னல் பிரிவில் பணியாற்றி, 2022இல் பெங்களூரில் ஓய்வு பெற்றவன். பொருளாதார நிபுணன் அல்லன். எனினும் கம்பியோடும் மின்கலத்தோடும் முப்பத்தெட்டு ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து நாடு மின்சாரம் எடுக்கும் கொள்கையைப் பற்றி நம் வாசகர்களோடு சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிவசமுத்திரம் தந்த பாடம்

நாம் வாழும் இந்த மாநிலமே இத்துறையில் ஒரு நல்ல பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்நிலையம் அமைக்கும் பணி தொடங்கியது. 1901இல் அவர் காலமானார். மறு ஆண்டு, 1902 ஜூன் மாதத்தில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே ஓடி, மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த அந்தச் சுரங்கங்கள்தாம் அதன் முதல் வாடிக்கையாளர். பெங்களூர் நகர வீதிகளுக்கு விளக்கு வந்தது அதன் பிறகு, 1905இல்தான்.

அந்நாளைய அரசு செய்ததைக் கவனியுங்கள். மின்சாரம் எங்கே பிறக்கும், எந்த வழியாகப் போகும், யார் பணம் கொடுத்து வாங்குவார் என்ற மூன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொண்டு, சுரங்க நிறுவனங்களோடு ஒப்பந்தமும் செய்துகொண்டு, அதன் பின்னரே வேலையில் இறங்கினார்கள். கொள்கை என்றால் இதுதான் என்பேன்.

நட்டதும் சுழன்றதும்

காற்றுக்கும் வெயிலுக்கும் நம் நாடு தாமதமாகத் தொடங்கவில்லை. 1982இலேயே மத்திய அரசில் மரபுசாரா எரிசக்திக்கெனத் தனித்துறை வந்தது. 1992இல் அது தனி அமைச்சகமாயிற்று. அதற்கு முன்பே அளவெடுக்கும் பணி தொடங்கியிருந்தது. வானிலைத் துறையிலிருந்து 1976இல் ஓய்வு பெற்ற அன்னா மாணி அம்மையார், இந்தியாவில் விழும் வெயிலின் கதிர்வீச்சு பற்றிய தரவுகளை 1980இல் கையேடாக வெளியிட்டார். எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்ற கணக்கெடுப்பையும் முன்னின்று நடத்தினார். காற்றின் வேகத்தையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்ய இந்தப் பெங்களூரிலேயே ஒரு பட்டறையும் அமைத்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய பெயர்.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகள் நின்றன. 1990களில் தனியார் நுழைந்தனர். அவர்களை ஈர்த்தது வருமானவரிச் சலுகை. இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்றது சட்டம். முப்பந்தலில் காத்தாடிகள் காடாக முளைத்தன. நன்மைதான். ஆனால் இந்தச் சலுகை காத்தாடியை நட்டதற்கே கிடைத்தது. அது பின்னர் எத்தனை யூனிட் தந்தது என்று கேட்கவில்லை. 2009இல்தான் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்ற திட்டம் வந்தது.

இதன் வேறுபாட்டை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு கேட்மேன். மின்கம்பி எட்டாத ஒரு லெவல் கிராஸிங்கில் சோலார் பலகையும் மின்கலமும் வைத்து விளக்கு எரிய ஏற்பாடு செய்திருந்தோம். நான் சோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பலகை கண்ணாடிபோல் மின்னும். காரணம் கேட்டேன். தினமும் காலையில் பழைய வேட்டித் துணியை நனைத்துத் துடைப்பாராம். "துடைக்காத அன்னிக்கு நடுராத்திரியிலேயே விளக்கு மங்கிடுது சார்" என்றார். விளக்கு எரிந்தால்தான் அவருக்கு இரவு வேலை ஓடும். ஆகவே துடைத்தார். பயன் யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தாம் பராமரிப்பார். ஒரு நாட்டின் சலுகையும் அப்படித்தான் அமைய வேண்டும்.

கேஜ் மாற்றமும் மின்பாதையும்

ரயில்வேயில் பழகியவர்களுக்கு இன்னொன்று எளிதில் விளங்கும். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து அகலப் பாதையில் பெங்களூர் வந்த சரக்கு, மீட்டர் பாதையில் மேலே போக வேண்டுமானால் இங்கே இறக்கி ஏற்ற வேண்டும். 1992இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டம் அந்தத் தொல்லையைப் பெரும்பாலும் நீக்கியது.

மின்சாரத்திலும் நமக்கு அதே தொல்லை இருந்தது. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு, நாட்டின் மற்றப் பகுதிகளின் தொகுப்போடு முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக. அதற்கு முந்திய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது நமக்கு நினைவிருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அதே தமிழ்நாட்டில், காற்று மிகுந்த நாட்களில் மின்சாரத்தைக் கொண்டுபோகப் பாதை போதாமல் காற்றாலைகளை நிறுத்தி வைத்ததும் உண்டு. ஊற்று இருந்தது, வாய்க்கால் இல்லை. விற்ற மின்சாரத்துக்குப் பணமும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. நிலுவையைக் கட்டுப்படுத்த மத்திய அரசின் விதிகள் 2022இல் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்மின் பாதையும் இப்போது இருக்கிறது. வடக்கின் மின்சாரம் அதில் தெற்கே வரும். ஆடிக்காற்றின் மிச்சம் வடக்கே போகவும் முடியும். சிவசமுத்திரத்தில் முதலில் செய்ததை நாம் இங்கே கடைசியில் செய்திருக்கிறோம்.

வெயிலின் வளர்ச்சி இன்னும் வேகமானது. தேசிய சூரிய மின்திட்டம் 2010இல் தொடங்கியது. தொடக்கத்தில் யூனிட் 11, 12 ரூபாய் அளவில் இருந்த விலை, 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2025 தொடக்கத்தில் நாட்டின் சூரிய மின்திறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. காற்றுத்திறன் அதே ஆண்டு மார்ச்சில் 50,000 மெகாவாட்டைத் தாண்டியது. பெருமைப்பட வேண்டிய செய்தியே. ஆனால் வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் வெயில் இல்லை. மார்கழியில் முப்பந்தல் காற்று தளர்ந்துவிடுகிறது. பகல் மின்சாரத்தைக் கொண்டு நீரை மேலே ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை போன்ற நிலையங்கள் நமக்கு இன்னும் பல வேண்டும். காடம்பாறை 1980களின் இறுதியிலேயே இயங்கத் தொடங்கிய 400 மெகாவாட் நிலையம். வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

மண்ணுக்கு உரியவர்

இப்போது தம்பியின் பேச்சுக்கு வருகிறேன். பெங்களூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டரில், தும்கூர் மாவட்டத்தில் இருக்கிறது பாவகடா. மழை பொய்த்த வட்டம். அங்கே ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா 2019 இறுதியில் முழுமை பெற்றது. அந்த நிலத்தை அரசு விலைக்கு வாங்கவில்லை. விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீதம் கூடும். பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கிறது. இதிலும் குறை உண்டு. நிலமற்ற கூலிகளுக்கு வயல்வேலை போயிற்று; அவர்களுக்குக் குத்தகைப் பணம் கிடையாது. என்றாலும் எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று பாவகடாவில் உள்ள ஒரு தகப்பனுக்குக் கிடைத்திருக்கிறது.

முப்பந்தல் பகுதியில் நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில் இன்றும் பழைய சிறு இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை அகற்றிப் பெரியன நிறுவ 2023இல் மத்திய அரசும் 2024இல் தமிழ்நாடு அரசும் கொள்கை வெளியிட்டுள்ளன. இது வேண்டியதே. உயரமான காத்தாடி ஒன்று, பழையன பல தரும் மின்சாரத்தைத் தரும். ஆனால் அந்த ஆதாயத்தில் ஊருக்கு என்ன பங்கு என்பதை விதியிலேயே எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. டென்மார்க்கில் 2008ஆம் ஆண்டுச் சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் 20 சதவீதத்தை அருகில் வசிப்போர் வாங்குவதற்கு முன்வைக்க வேண்டும் என்றது. பின்னாளில் அங்கு விதிகள் மாறின, எண்ணம் நல்லது. இங்கே ஒரு யூனிட்டுக்குச் சில காசு ஊராட்சிக்குப் போனால் போதும். பள்ளிக்கூடமும் குடிநீரும் அதில் நடக்கும். காத்தாடி சுழன்றால் தனக்குப் பயன் என்று தெரிந்த ஊர், அந்தக் கேட்மேனைப்போல அதைக் காவல் காக்கும்.

நம்மில் பலருக்குத் தாய்த்தமிழ்நாட்டில் இன்னும் ஓரிரு ஏக்கர் தரிசு இருக்கிறது. "அங்கே யார் பார்த்துக்கொள்வது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்று பேசிக்கொள்கிறோம். அருள்கூர்ந்து அவசரப்படாதீர்கள். குத்தகை தருவார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை விவரம் அறிந்தவரிடம் காட்டிப் படியுங்கள். தொகை ஆண்டுதோறும் கூடுமா, இயந்திரம் மாறினால் என்ன, இறுதியில் கான்கிரீட்டை அகற்றுவது யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவே: "நம்ம நாலு ஏக்கர் போனது போகட்டும். கிழக்கே மிச்சம் இருக்கிற ஒண்ணரை ஏக்கரை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துடாதே. நான் ஐப்பசியில வர்றேன்."

காற்று அடுத்த ஆடியிலும் வீசும். தூற்றிக்கொள்ளும் முறத்தில் நம் கையும் இருக்கட்டும்.