பழைய கணினியே போதும்

மாணவர்களே, மைன்கிராஃப்ட் போன்ற எளிய விளையாட்டுகளுக்கு விளக்கு மின்னும் புதுக் கணினி வேண்டாம். அலுவலகங்கள் மாற்றிவிட்டு விற்கும் பழைய மேசைக் கணினியே போதும்.

மூன்றைப் பாருங்கள். செயலி இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினி, படம் காட்டவும் ரேமையே பயன்படுத்தும். ஆகவே ஒரு 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி ரேம் நல்லது. தரவு ஒரே நேரத்தில் இரு பாதைகளில் ஓடும். மூன்றாவது, வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி.

பணம் மட்டுமே காரணமல்ல. வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை எரித்த புகையை 2018இல் சுவாசித்த ஊர் நம் ஜெஞ்சாரோம். ஒருவர் வீசுவது இன்னொருவர் வாசலில் சேரும். பழைய கணினி உங்கள் மேசையில் இன்னும் சில ஆண்டுகள் உழைத்தால், அவ்வளவு குப்பை குறையும்.