பணம் பேசுகிறவருக்குப் பணம் எங்கிருந்து?



அண்ணாமலை நகரில் படிப்பை முடிக்கப் போகும் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., வெளிநாடு என்று மூன்று பதில்தான் வரும். இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "ஃபைனான்ஸ் சேனல் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்." பெற்றவர்களோ இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கவலைப்படுகிறார்கள். பிழைப்புதான், நன்றாகவே நடக்கிற பிழைப்பு. நல்லபடியாக நடத்துவதுதான் சிரமம். அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன்.

முதலில் சேனல்காரர்கள் செய்த நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பணத்தைப் பற்றி எளிய தமிழில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' படித்துப் பங்குச் சந்தையைத் தெரிந்துகொண்டவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. 'நாணயம் விகடன்' அந்த வேலையை இதழாகவே செய்தது. ஆனால் புத்தகம் வாங்காதவர்களையும் இந்தப் பேச்சு எட்டியது கைப்பேசி வந்த பிறகுதான். பொருளாதார ஆலோசகர் ஆனந்த் சீனிவாசன் 'மணி பேச்சு' சேனலில் உட்கார்ந்து பேசினால், வட்டி விகிதமும் தங்கத்தின் விலையும் டீக்கடை வரைக்கும் வந்துவிடுகின்றன. டேர்ம் இன்ஷூரன்ஸ் என்றால் என்ன, கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன ஆகும், வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை ஏன் எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு இல்லத்தரசி இன்று காசு கொடுக்காமல் தெரிந்துகொள்கிறார். தேசிய நிதிக் கல்வி மையம் 2019-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அடிப்படை நிதி அறிவு உள்ளவர்கள் 27 சதவீதம் பேர்தான். மீதிப் பேருக்கும் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

சேனல்கள் வருவதற்கு முன்னும் நமக்குப் பண வாத்தியார்கள் இருந்தார்கள். ஏலச்சீட்டு பிடிக்கும் அக்கா, எல்.ஐ.சி. ஏஜென்ட், மாதாமாதம் வீட்டுக்கே வந்து அஞ்சலக ஆர்.டி. பணம் வாங்கிப்போகும் பெண் முகவர். அந்த முகவர் கார்டில் தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, பிள்ளைகள் படிப்பையும் விசாரித்துவிட்டுப் போவார். நீங்கள் கட்டும் 100 ரூபாய்க்கு அவருக்கு 4 ரூபாய் கமிஷன். அது ஊருக்கே தெரிந்த கணக்கு. ஏஜென்ட் சொன்ன பாலிசி எல்லாமே நமக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. எதில் கமிஷன் அதிகமோ அதைத்தான் முதலில் எடுத்து வைத்தார். ஆனாலும் ஏதாவது தப்பாகப் போனால் போய்க் கேட்க ஒரு வாசற்படி இருந்தது.

தெரிந்தவர் சொன்னால் ஏமாற மாட்டோம் என்றும் நினைக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டிருக்கிறது. அந்த மாதிரி இடங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தவர் கூட்டிப்போய்த்தான் ஆட்கள் சேர்கிறார்கள். ஆகவே முகம் தெரிந்தவரா இல்லையா என்பதை விட, அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே நமக்குப் பாதுகாப்பு.

சேனல்காரருக்கு என்ன வருமானம்? வீடியோவுக்கு இடையில் வரும் விளம்பரத்தில் ஒரு பங்கு. "கீழே உள்ள லிங்க்கில் டீமேட் கணக்கு தொடங்குங்கள்" என்றால், சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை. பிறகு கட்டண வகுப்பு. அதற்கும் பிறகு, எந்தப் பங்கை எப்போது வாங்குவது என்று தினமும் சொல்லும் டெலிகிராம் குழு. முதல் மூன்றையும் சட்டத்துக்கு உட்பட்டே செய்யலாம். பதிவு பெறாதவர் காசு வாங்கிக்கொண்டு இந்தப் பங்கை வாங்கு, அதை விற்று விடு என்று சொல்வதுதான் குற்றம். 2013-லிருந்தே முதலீட்டு ஆலோசகர்களுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிமுறைகள் இருக்கின்றன.

இந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் அருகிலிருந்தே பார்த்தார்கள். ஆப்ஷன் வர்த்தகத்தால் நாடறிந்தவரான பி.ஆர். சுந்தர், பதிவில்லாமல் ஆலோசனைச் சேவை விற்றார் என்பது செபி எழுப்பிய புகார். 2023 மே மாதம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் அவர் சமரசம் செய்துகொண்டார். சமரசத் தொகை போக, வட்டியோடு சுமார் 6 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. ஓராண்டு சந்தையில் வாங்கவோ விற்கவோ கூடாது என்றும் முடிவானது. அதே ஆண்டு அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கிய நசீர் அன்சாரி தரப்பினர் 17 கோடி ரூபாய்க்கு மேல் தனிக் கணக்கில் வைக்கும்படி செபி இடைக்கால உத்தரவு போட்டது. கடல் கடந்தும் இதே கதைதான். கிரிப்டோ விளம்பரம் ஒன்றுக்குக் காசு வாங்கியதைச் சொல்லாமல் மறைத்ததற்காக, 2022-இல் கிம் கர்தாஷியான் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்.

2025 ஜனவரியில் செபி இன்னொரு பிடியையும் இறுக்கியது. 'கல்வி மட்டும்தான் தருகிறேன்' என்பவர், கடந்த மூன்று மாத விலையை வைத்து ஒரு பங்கின் எதிர்காலத்தைப் பேசக் கூடாது என்றது. பாடம் நடத்த பழைய விலையே போதும் என்பது அதன் பொருள். இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய் போயிற்று. லாபம் காட்டும் ஸ்கிரீன்ஷாட் மீதி 7 சதவீதத்தில் சேருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சேனல்காரர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. அநேக சேனல்கள் மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குபவரையே மனதில் வைத்துப் பேசுகின்றன. கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் விசைப்படகை நம்பிய குடும்பத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் கையில் காசு இருக்காது. 'மாதம் 5,000 எஸ்.ஐ.பி. போடுங்கள்' என்ற அறிவுரை அங்கே செல்லுபடியாகாது. வலை நிறைந்த மாதத்தில் கூடப் போட்டு, தடைக் காலத்துக்கு எடுத்து வைக்கும் வழியைத்தான் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலா நட்டுக் காய்க்க வருஷக்கணக்காகும். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு என்ற பொதுக்கணக்கு அந்தத் தோட்டக்காரருக்கு எந்த மூலைக்கு? மாதச் சம்பளக்காரர்களும் தப்பவில்லை. நிரந்தரம் என்று நம்பிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் விழுந்தது; 2013-இல் தனிச் சட்டத்தின் மூலம் அரசு அதை ஏற்றது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பலர் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தவர்களுக்கு அது தந்த பாடம் எந்தக் கட்டண வகுப்பிலும் கிடைக்காது.

அதனால் அந்த நான்காவது பதிலைச் சொல்லும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள் என்றே பெற்றோரிடம் சொல்வேன். கடலூர் மாவட்டத்தின் வரவு செலவு தெரிந்த ஒருவர், நம் பேச்சு வழக்கில் சொல்லித் தந்தால் நல்லதுதானே! பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை: செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் முதலீட்டு ஆலோசகர் தேர்வுகளை எழுதித் தேறுங்கள். நாடு முழுக்கவே பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. இடம் காலியாகத்தான் கிடக்கிறது. யாரிடம் என்ன வாங்குகிறீர்கள் என்பதை ஒவ்வொரு வீடியோவிலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் சேனலை விட்டுப் போவார்கள். போகாதவர்கள்தான் பத்து வருஷம் கழித்தும் உங்களைக் கேட்பார்கள்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒன்று. ஆலோசனைக்குப் பணம் கட்டும் முன் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்றும், பங்கு ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச். என்றும் தொடங்கும். செபியின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எண் சொல்ல யோசிப்பவரிடம் பாடம் கேளுங்கள், பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்