இருபது மாதம் காலியாக இருந்த நாற்காலிகள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. கட்சி இரண்டுபட்டால் யாருக்குத் திண்டாட்டம் என்று நம் முன்னோர் சொல்லி வைக்கவில்லை. அதை நம் தருமபுரி மாவட்டம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளும் 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, சரியாகச் சொன்னால் இருபது மாதமும் ஐந்து நாளும், உறுப்பினர் இல்லாமலே கிடந்தன. யாரும் இறந்து போகவில்லை; யாரும் பதவி விலகவும் இல்லை. சென்னையில் ஒரு கட்சிக்குள் தலைமைக்கு நடந்த போட்டிக்கு நம் இரண்டு தொகுதிகள் பலியாயின. அரூர் வட்டத்துக்காரன் என்ற முறையில் இதைப்பற்றி நாலு வார்த்தை எழுத எனக்கு உரிமை உண்டு அல்லவா?

கதை எல்லோரும் அறிந்ததுதான். 2016 டிசம்பர் 5-ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். இரண்டே மாதத்தில் அவரை விலகச் சொல்லி, சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பன்னீர்செல்வம் மெரினாவில் தியானத்தில் அமர்ந்தார். உறுப்பினர்களோ கூவத்தூர் விடுதியில் அடைபட்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சசிகலா சிறை செல்ல, எடப்பாடி கே. பழனிசாமி முதல்வரானார். பிப்ரவரி 18-இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவருக்கு 122 வாக்குகள், எதிராக 11. எதிர்த்து வாக்களித்த அந்தப் பதினோரு பேரும் பன்னீர்செல்வம் அணியினர். ஆகஸ்டு 21-இல் இரு அணிகளும் கைகோத்தன. மறுநாளே டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்களில் பதினெட்டுப் பேரின் பதவியைச் சபாநாயகர் பறித்தார். அந்தப் பதினெட்டில் இரண்டு நம்முடையவை. அரூர் உறுப்பினர் ஆர். முருகன், பாப்பிரெட்டிப்பட்டி உறுப்பினர் பி. பழனியப்பன். பின்னவர் அதற்கு முந்தைய ஆட்சியில் உயர்கல்வி அமைச்சராக இருந்தவர் என்பதைக் கல்லூரி மலரில் குறிப்பிடுவது பொருத்தமே.

இங்கே ஒரு விந்தையைக் காணுங்கள். அவையிலேயே அரசுக்கு எதிராக வாக்களித்தவர்களுக்குப் பதவி நிலைத்தது. அவர்களின் தலைவர் துணை முதல்வரும் ஆனார். கடிதம் மட்டும் கொடுத்தவர்களுக்குப் பதவி போயிற்று. கட்சித் தாவல் தடைச்சட்டம் 1985-இல் வந்தது. விலைக்கு வாங்கப்படும் உறுப்பினர்களைத் தடுக்கப் பிறந்த சட்டம், உட்கட்சிச் சண்டையில் ஒரு பக்கத்தின் கைவாளாகிவிட்டது என்பதே என் கருத்து. 234 பேர் கொண்ட அவையில் 18 பேரைக் கழித்துவிட்டால் பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணிக்கையும் குறையும். இந்தக் கணக்குக்குக் கணித மேதை வேண்டுமா என்ன?

நான் அந்தப் பதினெட்டுப் பேருக்காக வாதாட வரவில்லை. புதுச்சேரி விடுதியிலும் குடகு விடுதியிலும் தங்கியிருந்தவர்களுக்கு வாதாட வழக்கறிஞர்கள் உண்டு. வாக்களித்தவனுக்குத்தான் யாரும் இல்லை. ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது தேர்தல் சட்டம். ஆனால் வழக்கு நீதிமன்றம் ஏறியதால் தேர்தல் அறிவிப்புக்குத் தடை வந்தது. தடையில் நியாயம் உண்டு. பழைய உறுப்பினர் வென்றுவிட்டால் ஒரு நாற்காலிக்கு இருவர் ஆகிவிடுமே! ஆனால் தீர்ப்பு? 2018 ஜூன் 14-இல் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-இல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். அதற்கே பதின்மூன்று மாதம் போயிற்று. வாக்குப்பதிவு நடந்ததோ 2019 ஏப்ரல் 18-இல், பாராளுமன்றத் தேர்தலோடு சேர்த்து. பாப்பிரெட்டிப்பட்டியில் எட்டு வாக்குச்சாவடிகளில் மே 19-இல் மறுவாக்குப்பதிவு வேறு.

இதற்கிடையில் 2018 மார்ச்சு 15-இலும் 2019 பிப்ரவரி 8-இலும் இரண்டு நிதிநிலை அறிக்கைகள் அவையில் வைக்கப்பட்டன. இரண்டு முறையும் அரூருக்காகவோ பாப்பிரெட்டிப்பட்டிக்காகவோ எழுந்து நின்று கேட்க ஆள் இல்லை. அரூர் தனித்தொகுதி என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இன்னொரு கொடுமையும் உண்டு. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. நம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஆக, அந்த இருபது மாதமும் ஊருக்குத் தலைவரும் இல்லை, தொகுதிக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை! தீர்த்தமலைச் சாலையில் உள்ள எங்கள் ஊரில் அப்போது தெருக்குழாய் மனு ஒன்று எழுதப்பட்டது. நான் எட்டாம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் 'பெறுநர்' என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று திண்ணையில் அரைமணி நேரம் விவாதம். பெரியப்பா ஒருவர், "கூவத்தூருன்னு போடுடா, அங்க போய்ச் சேரட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த வெறுப்பு அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

தலைமைப் போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனைப் பாருங்கள். 1990 நவம்பர் 20-இல் பிரதமர் மார்கரெட் தாட்சரை எதிர்த்து மைக்கேல் ஹெசல்டைன் போட்டியிட்டார். தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. அதிக வாக்கு பெற்றும், விதிப்படி வேண்டிய வித்தியாசத்துக்கு நாலு வாக்குக் குறைந்தது. இரண்டு நாளில் விலகல் அறிவிப்பு. 28-ஆம் நாள் ஜான் மேஜர் பிரதமர். எட்டே நாள்! எந்தத் தொகுதியும் காலியாகவில்லை. எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்குப் புதிய அமைச்சரவையில் இடமும் கிடைத்தது.

அங்கேயும் எல்லாம் பொன் அல்ல. 2022-இல் போரிஸ் ஜான்சன் விலகலை அறிவித்த பிறகு, அடுத்த பிரதமரைப் பழமைவாதக் கட்சி தேடிக்கொண்டே இரண்டு மாதம் கழித்தது. விலைவாசி உயர்வு பத்து விழுக்காட்டைத் தாண்டியது. மக்கள் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஸ் டிரஸ் வந்தார், ஐம்பது நாள் முடியுமுன் போனார். ரிஷி சுனக் வந்தார். ஓராண்டில் மூன்று பிரதமர்! 2024 ஜூலை 4-இல் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள்; ஆண்ட கட்சிக்கு 121 இடங்களே மிஞ்சின. ஜான்சன் விலகலை அறிவித்த சில நாளிலேயே, 2022 ஜூலை 11-இல், இங்கே அ.தி.மு.க. பொதுக்குழு பன்னீர்செல்வத்தை நீக்கியது. இராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்தில் கற்கள் பறந்தன. கட்டடத்துக்குச் சீல் வைக்கப்பட்டது. அங்கே தலைவரை மாற்ற வாக்குச்சீட்டு, இங்கே வருவாய்த்துறையின் அரக்கு முத்திரை.

இது ஒரு கட்சியின் நோய் மட்டுமன்று. பென்னாகரத்திலும் தருமபுரியிலும் 2021-இல் மாம்பழச் சின்னத்தில் வென்ற இருவர், 2025-இல் ஒருவர் தந்தை பக்கமும் மற்றவர் மகன் பக்கமுமாக நின்றார்கள். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள்!

பேராசிரியப் பெருமக்கள் சிலர், கட்சியின் உள்விவகாரத்தில் சட்டம் தலையிடலாமா என்று கேட்கக்கூடும். கட்சி தன் தலைவரை எப்படியும் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் அந்தச் சண்டையில் ஓர் உறுப்பினரின் பதவி பறிக்கப்பட்டால், அந்த வழக்கு முழுவதும் ஆறு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அப்படி ஒரு வரி 2017-இல் இருந்திருந்தால், 2018-இல் கோடை முடிவதற்குள் அரூருக்கு ஓர் உறுப்பினர் கிடைத்திருப்பார், பழையவரோ, புதியவரோ. எங்கள் தெருக்குழாய் மனுவில் ஒரு பெயரும் எழுதியிருப்பேன்.