மார்கழிப் பனியும் மழலையின் மூச்சும்

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகையும் பாதி கடந்துவிட்டால், வேங்கிக்காலில் காலைப் பொழுதின் முகமே மாறிவிடுகிறது. ஏரியின் மேல் வெண்பனி படர்கிறது. எதிரே நிற்கும் அண்ணாமலை வெயில் ஏறும் வரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வேலூர்ச் சாலையில் பேருந்துகள் விடிந்த பின்னும் விளக்கெரித்துக்கொண்டு வருகின்றன. மலையுச்சியில் தீபம் பதினொரு நாள் சுடர்விட, ஊர் முழுவதும் வெளியூர் மக்கள் நிறைந்திருக்கும் காலம் அது. நம் இல்லங்களிலோ திருவருகைக் காலம். குடிலுக்கு வைக்கோல் தேடும் சிறுவர்களும், இரவில் வீடு வீடாகச் செல்லும் கேரல் குழுவினருமாக ஒரே பரபரப்பு. இத்தனைக்கும் நடுவே, எவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாலும் உள்ளறையிலிருந்து ஒரு குழந்தையின் இருமல் ஒலி கேட்கிறது. இம்மாதம் அந்த இருமலைப் பற்றியே பேசுவோம்.

பனி தலையில் இறங்கியதால் சளி பிடித்தது என்பர் பெரியோர். சளியைத் தருவது பனியன்று. வைரஸ் எனப்படும் மிக நுண்ணிய கிருமியே. ஆயினும் பெரியோர் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்குகிறோம். ஒருவரின் தும்மல் அனைவருக்கும் பங்காகிறது. சிறு குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பே என்றும், சளி தீர்ந்த பின்னும் இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம் என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். இதை அறியாத இளந்தாய் நான்காம் நாளே கலங்கிப்போகிறாள். மாமியார் ஒன்று சொல்ல, அண்டை வீட்டார் வேறொன்று சொல்ல, இறுதியில் மருந்துக் கடைக்கு ஆளனுப்பி, "குழந்தைக்கு இருமல், ஒரு சிரப் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறோம்.

இந்தப் புட்டியைப் பற்றித்தான் நாம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சாதாரணச் சளி இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். அம்மருந்து எங்கோ தொலைவில் செய்யப்பட்டதன்று. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைச் சோதித்துப் பார்த்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள் நூற்றுக்கு 48.6 பங்கு கலந்திருந்தமை தெரியவந்தது. ஏற்கத்தக்க அளவோ நூற்றுக்கு 0.1 பங்குதான்.

இந்நஞ்சு மருந்தினுள் எவ்வாறு நுழைகிறது? இருமல் மருந்தின் சரக்குகளைக் கரைப்பதற்கு இனிப்பான, பிசுபிசுப்பான ஒரு நீர்மம் தேவை. மருந்துக்கென்றே தூய்மையாக்கப்பட்ட நீர்மம் விலை கூடியது. அதைப் போலவே தோற்றமும் இனிப்பும் கொண்ட தொழிற்சாலைச் சரக்கு மலிவானது. சோதனை செய்யாமல் பீப்பாயைத் திறந்து ஊற்றினால் போதும், விபரீதம் விளைந்துவிடும். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். இரண்டொரு நாளில் வாந்தியும் வயிற்றுவலியும் தோன்றும். பின்பு சிறுநீர் குறைந்து நின்றே போகும். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இந்நஞ்சே. 1972-இல் சென்னையில் குழந்தைகளைப் பலிகொண்டதும், 2022-இல் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகளைப் பறித்ததும் இதுவே. ஒரே தவற்றை உலகம் எத்தனை முறைதான் செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லா இருமல் மருந்தும் நஞ்சு என்று நாம் கூற வரவில்லை. நஞ்சில்லாத மருந்தும் சிறு குழந்தையின் இருமலுக்குப் பயன்படுவதில்லை என்பதே முக்கியமான செய்தி. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரலாகாது. ஐந்து வயது வரையிலும் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவையல்ல என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை மருத்துவர்களுக்கே அறிவுறுத்தியது. பயனற்ற ஒன்றுக்காக எவ்வளவு சிறிய ஆபத்தையும் ஏற்பானேன்?

அப்படியானால் இருமும் குழந்தைக்கு என்ன செய்வது? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்குத் துளைகளில் ஓரிரு சொட்டு விடலாம். ஒரு வயது கடந்த குழந்தைக்கு உறங்குமுன் அரைத் தேக்கரண்டித் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கமும் விடத்தக்கதே. தேனில் மறைந்திருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் பச்சிளங் குடலில் முளைத்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான நீரும், ரசமும், துளசி இட்ட நீரும் இதமாக இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருமினாலும் ஓடி விளையாடுகிறதா, பசித்து உண்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் கவலை வேண்டாம்.

நம் பாட்டிமார்களின் கைவைத்தியத்தில் சிலவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் குற்றமில்லை. ஆனால் குளிப்பாட்டியபின் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பதும் பெருந்தீங்கு. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கித் தங்கிவிடுகிறது. அதை வெளியேற்ற நுரையீரலால் இயலாது. அங்கே அழற்சி உண்டாகி, மாதக்கணக்கில் குழந்தை இளைக்கும். தலை உலரச் சாம்பிராணி போடுவதற்குப் பதில் மெல்லிய துணியால் துவட்டுங்கள். புகை பச்சிளம் மூச்சுக்கு ஆகாது. கற்பூரம் கரைத்த எண்ணெயைக் கைக்குழந்தையின் மார்பில் தேய்க்க வேண்டாம். கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பே வரலாம். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தருகே குழந்தையை வைத்துக் காயப்பட்டவர்களும் உண்டு. மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருளும் இவ்வரிசையில் சேர்ந்ததே. ஒரு சுருளிலிருந்து வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையிலுள்ள துகளுக்கு ஈடாகும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. கொசுவலைக்கு நிகர் எதுவுமில்லை.

இனி, இருமலில் அஞ்ச வேண்டியது எது என்பதைப் பார்ப்போம். நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சிதான் அது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்துவிடுவதால், குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் பெறும் உயிர்க்காற்று குறைகிறது. குறைவை ஈடுகட்டக் குழந்தை விரைந்து விரைந்து மூச்சு வாங்குகிறது. எனவே நோயை முதலில் காட்டிக்கொடுப்பது இருமலின் ஒலியன்று, மூச்சின் வேகமே. இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். வினாடிமுள் உள்ள கடிகாரமோ, கையிலுள்ள செல்பேசியோ போதும்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது உறங்கும்போது, சட்டையை மேலே உயர்த்தி வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதைப் பாருங்கள். ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் சோம்பல் வேண்டாம், குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60-உம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50-உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அது மிகை மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் கற்றதும் இதுவே. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

எண்ணும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கையில் மார்பு விரிய வேண்டும். அவ்வாறன்றி, கடைசி விலா எலும்புகளுக்குக் கீழே உள்ள பகுதி குழிந்து உள்வாங்கினால் நோய் முற்றுகிறது என்று பொருள். பால் குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் கக்குதல், வலிப்பு, எழுப்பினாலும் விழியாத சோர்வு, உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108-ஐ அழையுங்கள்; நமக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத் தொலைவில் இல்லை. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவாயின், காய்ச்சல் கண்டாலும், உடல் சில்லிட்டாலும், பால் குடிப்பது குறைந்தாலுங்கூட அவசரமே.

நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் மருந்து உயிர்காக்கும். மருத்துவர் சொன்ன நாள்வரை தவறாமல் தரவேண்டும். சாதாரணச் சளிக்கு அதே மருந்து வீண். போன ஆண்டு மூத்தவனுக்கு வாங்கிய மிச்சத்தை இவ்வாண்டு இளையவளுக்குக் கொடுப்பது வீணினும் கேடு. நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நம் மாநில அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிப் போடப்படுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இருமலே இல்லாமல் கடுங்காய்ச்சல் மட்டும் வந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். 2024 டிசம்பர் முதல் நாள் பெய்த பேய்மழையில் நம் மலையடிவாரத்தில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உள்பட எழுவர் புதையுண்டதை ஊர் மறந்துவிடவில்லை. அத்தகைய மழை ஆண்டுதோறும் வருவதில்லை. டெங்குக் கொசுவுக்கோ பெருமழை தேவையில்லை. ஒரு கொட்டாங்குச்சி நீர் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாதலால், தொட்டியையும் குடத்தையும் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவினால் அதன் வம்சம் அற்றுப்போகும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே தருக. ஆஸ்பிரின், புரூஃபன் வகைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கிய மறுநாள்தான் டெங்குவில் கண்டம் என்பதைப் பலர் அறியார். காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல் கண்டால் மருத்துவமனைக்கு விரையுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்போர் குடிக்கலாம். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடலாகாது.

முதியோருக்கு ஒரு சொல். குளிரில் இரத்த அழுத்தம் ஏறும். தாகம் குறைவதால் நீர் அருந்தவும் மறப்பார்கள். இளைப்பு நோயுள்ளவர்கள் பனி விலகிய பின் நடைக்குச் செல்லட்டும். மூச்சிழுப்பு மருந்தை 'பழகிவிடும்' என்று அஞ்சி நிறுத்துவது தவறு.

கைக்குழந்தையை நள்ளிரவுத் திருப்பலிக்குத் தூக்கிச் செல்லலாமா என்று ஆண்டுதோறும் தாய்மார் கேட்கின்றனர். நலமாக உள்ள குழந்தைக்குத் தலையையும் காதையும் மூடி, வாடைக்காற்று வீசும் வாசலை விட்டு உள்ளே அமர்ந்தால் தீங்கில்லை. இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுடனும், மூச்சிரைக்கும் பிள்ளையுடனும் வீட்டில் ஒருவர் இருந்துவிட்டுக் காலைத் திருப்பலிக்குச் செல்லலாம். பூசை முடிந்தபின் கோவில் முற்றத்தில் குழந்தையைக் கைக்குக் கை மாற்றி ஆளுக்கொரு முத்தம் கொடுப்பதைத்தான் சற்றே தவிர்க்க வேண்டும். சளி பிடித்த மாமா தூரத்திலிருந்தே வாழ்த்துச் சொல்லட்டும்.