சொந்த முகவரி வேண்டும்

எங்கள் ஊர்க் கண்மாய்களைப் பற்றி ஆறு ஆண்டுகள் எழுதினேன். இடம் கொடுத்த தளம் மூடப்பட்டபோது படங்களோடு எல்லாம் போயின. அந்த வலியில் சொல்கிறேன்: இணைய இதழுக்குச் சொந்த முகவரி வேண்டும்.

2017 ஜனவரியில், பிறர் எழுத இடம் தரும் மீடியம் நிறுவனம் 50 ஊழியர்களை நீக்கி, விளம்பரத்தை நம்பிய வருவாய் வழியைக் கைவிட்டது. அங்கே குடியேறியிருந்த தி ரிங்கர் இதழ் அதே ஆண்டு வாக்ஸ் மீடியாவின் தளத்துக்கு மாறியது. 2024 ஜனவரியில் பிளாட்ஃபார்மர் இதழ், தான் இயங்கிவந்த சப்ஸ்டாக் தளம் நாஜி ஆதரவு எழுத்துக்கு இடமளித்ததை எதிர்த்து கோஸ்ட் தளத்துக்குப் போனது. வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்ல முடிந்ததால் அது சாத்தியமாயிற்று.

வாடகை வீட்டில் எழுதலாம், தவறில்லை. முகவரி, வாசகர் பட்டியல், கட்டுரைகளின் நகல் மூன்றும் உங்களிடம் இருக்கட்டும். இன்றே நகல் எடுங்கள்.